முல்லை இல்லத்தில் ஒரு தவணை

ஐம்பத்தொன்பது வயதில், கணவரையும் வெஸ்ட் ஈலிங்கில் இருந்த சொந்த வீட்டையும் விட்டுவிட்டு, பவளக்கொடி ஒரு மாணவர் விடுதிக்குக் குடிபோனார். சண்டை எதுவும் இல்லை. பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டவரே கணவர் செல்லப்பன்தான். இறக்கிவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"உளுந்து எந்த டப்பாவில இருக்கு?" என்று கேட்டார்.

"எழுதி ஒட்டியிருக்கேன், போய்ப் பாருங்க."

அந்த விடுதி தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மூன்று தளங்கள் கொண்ட பழைய செங்கல் வீடு. எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள் சிலர், ஊரில் வசதி உள்ளவர்களிடம் நன்கொடை திரட்டி அதை வாங்கி முல்லை இல்லம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே தங்கிப் படித்தவர்கள் தங்களை இல்லத்தார் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருமுறை இல்லத்தார் ஆகிவிட்டால் ஆயுளுக்கும் இல்லத்தார். ஒருவர் வீடு மாற்றினால் மற்றவர்கள் சோபா தூக்க வந்துவிடுவார்கள். ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்ற எல்லாரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஆனால் அது ஆண் மாணவர்களுக்கு மட்டுமான வீடு.

பவளக்கொடி மலேசியாவின் சித்தியவானிலிருந்து கண் பரிசோதனைப் படிப்புக்காக எண்பதுகளின் நடுவில் வந்தவர். ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில், சமையலறையைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அறை எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் முல்லை இல்லத்தில் பெண்களுக்கும் சோறு உண்டு. வாரம் முழுக்க ரொட்டியும் சூப்பும் தின்றவர்களுக்கு அந்தச் சாம்பாரும் நெத்திலிச் சம்பலும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். மாடிப்படி ஏறக்கூடாது. மேலே எத்தனை அறைகள், ஜன்னலில் என்ன தெரியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலேயே அங்கே தங்கிப் படித்து, ஞாயிறுகளில் பரிமாறிக்கொண்டிருந்த செல்லப்பனைக் கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு நல்ல வாழ்க்கைதான். செல்லப்பன் ரயில்வேயில் பொறியாளர். பவளக்கொடி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவர். ஒரே மகன் வளர்ந்து மான்செஸ்டருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

முல்லை இல்லம் மட்டும் நன்றாக இருக்கவில்லை. படிப்புக் கட்டணம் ஏற ஏற வருகிறவர்கள் குறைந்தார்கள். கூரை ஒழுகியது. பலர் சேர்ந்து தங்கும் வீட்டுக்குத் தீத்தடுப்புக் கதவுகள் வேண்டும் என்று நகராட்சிக் கவுன்சில் சொன்னபோது, நிர்வாகக் குழு வீட்டைப் பூட்டிவிட்டது. பிறகு ஒரு டியூஷன் வகுப்புக்காரர் வாடகைக்கு எடுத்தார், அவரும் போனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் இல்லத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் "வீட்டை மறுபடி திறக்கணும்" என்று யாராவது எழுதுவார்கள். நாற்பது பேர் கைகூப்பிய படம் போடுவார்கள். பொங்கலுக்குள் மறந்துவிடும்.

ஒருநாள் நிர்வாகக் குழுத் தலைவர் புவனேசன் வேறு மாதிரி எழுதினார். அவர் சிங்கப்பூர்க்காரர், வழக்கறிஞர், இல்லத்தில் செல்லப்பனுக்கு ஒரு வருடம் மூத்தவர். வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது, விற்பதா திறப்பதா என்று இந்தக் கோடைக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்றார்.

செல்லப்பன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் பவளக்கொடியே, "வாங்க, போய் ஒரு தடவை பார்த்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்ததும் ஈர வாடை. சுவரில் டியூஷன்காரர் ஒட்டிய பெருக்கல் வாய்ப்பாடு. செல்லப்பன் மனைவியை மறந்து மாடிக்கு ஓடினார். பவளக்கொடி படியின் அடியில் ஒரு கணம் தயங்கி, பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டு ஏறினார். மேல்தளத்துப் பின்னறை ஜன்னலைத் திறந்தால் வரிசையாகத் தோட்டங்கள், அதற்கப்பால் தண்டவாளம், ரயில் போகும்போது மெல்ல அதிரும் கண்ணாடி.

"இவ்ளோ அழகா இருக்கு. ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"அப்ப நான் ஜன்னல் பக்கமே போனதில்ல. ஒரே குளிர்," என்றார் செல்லப்பன்.

திறப்பது என்று முடிவானது. நித்தியானந்தன் என்ற பிளம்பரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், சுவிஸில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அக்கா, உதைத் திருத்த ஏலாது. புதுசு போடோணும். பைப்புகள் பரவாயில்லை, அந்தக் காலத்துச் சாமான், நல்லா நிக்கும்."

"குளிர்காலத்துக்கு முன்னாடி முடியுமா?"

"ஓம், முடிச்சுத் தாறன். ஆனா உந்த அண்ணையாக்களை என்ரை வேலைக்குள்ளை வர விடாதேங்கோ. நேற்று ஒராள் உதவி செய்யிறன் எண்டு வந்து தண்ணியைத் திறந்து விட்டிட்டார்."

சனி ஞாயிறுகளில் இல்லத்தார் வந்து வெள்ளையடித்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்ச்சுவர், தோள் வலிக்காரர்கள் மேல்சுவர் வேண்டாம் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அடித்ததைவிடப் பேசியது அதிகம். பவளக்கொடி பின்னறையை ஒற்றை ஆளாக அடித்து முடித்தார்.

கூரையை அடைத்து, தீத்தடுப்புக் கதவுகளும் போட்டு, வீடு தயாரானது. அறிவிப்பு போட்டார்கள். இரண்டே பையன்கள் வந்தார்கள். ஈப்போவிலிருந்து இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு வந்த பவித்திரனும், அவனுடைய நண்பன் ஒருவனும். மற்ற அறைகள் காலியாகக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் பவளக்கொடி வேலை செய்யும் கடைக்கு ஒரு பெண் தலைவலி என்று கண் பரிசோதனைக்கு வந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். பவளக்கொடி விளக்கை அணைக்கும்போது மலேசியப் பழக்கதோஷத்தில், "பசியாறிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள்.

"ஆன்டி மலேசியாவா?"

கிள்ளானிலிருந்து இயன்முறை மருத்துவம் படிக்க வந்தவள், பெயர் அன்பரசி. லண்டனின் வடகோடியில், எட்மண்டனில், ஒரு வீட்டின் மாடிக் கூரைக்குக் கீழே அறை. கல்லூரி தெற்கே. நகரத்தை முழுக்கக் குறுக்கே கடந்து தினமும் போய்வந்தாள். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் போதவில்லை. "எங்க பேட்ச்ல அஞ்சு பொண்ணுங்க இப்படித்தான் ஆன்டி. ரூம் தெரிஞ்சா சொல்லுங்க லா," என்றாள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பவளக்கொடியும் போனார். தேநீர் கொண்டுவந்தவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் தட்டை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தேவைப்படுற பிள்ளைங்க இருக்காங்க. காலி ரூமும் இருக்கு. அப்புறம் ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

புவனேசன் தொண்டையைச் செருமினார். "பவளம், நீ சொல்றது நியாயந்தான். ஆனா விதியில ஆண் மாணவர்னு இருக்கு. மாத்தணும்னா உறுப்பினர் ஓட்டு வேணும். உனக்கு ஓட்டு இல்ல. ஒரு தவணையாவது, அதாவது ஒரு காலேஜ் டெர்மாவது, இங்க தங்கினவங்கதான் உறுப்பினர்."

"நான் முப்பது வருஷத்துக்கு மேல இந்த வீட்டைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது கணக்கில வராதா?"

எல்லாரும் சிரித்தார்கள். கௌரவ உறுப்பினர் என்று ஒன்று கொடுக்கலாம் என்றார் ஒருவர். பவளக்கொடி வேண்டாம் என்றார். கௌரவத்துக்கு ஓட்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள்.

கூட்டம் அடுத்த பிரச்சினைக்குப் போனது. கவுன்சில் தந்த தற்காலிக உரிமம் நிலைக்க வேண்டுமானால் வீட்டில் ஒரு பொறுப்பாளர் குடியிருக்க வேண்டும். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குப் பேரப்பிள்ளை, ஒருவருக்கு மனைவி. எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. புவனேசன் சலிப்போடு சிரித்தார். "நீயே வந்துடேன் பவளம். பொறுப்பாளராத் தங்கினாலும் தங்கினதுதான். ஒரு தவணை முடிஞ்சா நீயும் இல்லத்தார்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். "சரி, வர்றேன்," என்றார் பவளக்கொடி.

இருவரும் ரயிலில் வீட்டுக்குத் திரும்பினார்கள். விக்டோரியாவில் வண்டி மாறும்போது, "நெஜமாவா?" என்று செல்லப்பன் கேட்டார்.

"நெஜமாத்தான். உங்களுக்குக் கோவமா?"

"கோவம் இல்ல. பொறாமை."

ஜனவரியில் குடிபோனார். கீழ்த்தளத்தில் பொறுப்பாளருக்கென்று பெரிய அறை இருந்தது. அவர் மேல்தளத்துப் பின்னறையை எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு வெள்ளைக்கார அம்மாவின் வீடு, பின்பு கணவர், பிள்ளை. தனக்கென்று ஒரு சாவி, தான் மட்டும் தீர்மானிக்கும் ஒரு விளக்கு, இதெல்லாம் அவருக்குப் புதிது. முதல் வாரம் கொஞ்சம் அழுகை வந்தது. இரண்டாம் வாரம் சுவரில் ஒரு படம் மாட்டினார். காலையில் கடைக்கு வேலைக்குப் போய், மாலையில் வந்து, பையன்களோடு சமைத்தார். பவித்திரனுக்குக் குழம்பு வைக்கத் தெரியும், பாத்திரம் கழுவத் தெரியாது. அதையும் ஒரு வழியாகக் கற்றுக்கொண்டான்.

ஞாயிறு மதியம் செல்லப்பன் வருவார், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் பழம் வாங்கிக்கொண்டு. சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார். பையன்கள் கடிகாரத்தைக் காட்டுவார்கள். "அங்கிள், இருட்டப் போவுது. விருந்தாளிங்க கெளம்பணும்." அவர் போலிக் கோபத்தோடு கோட்டை மாட்டுவார். அவர் தெருமுனை திரும்பும்வரை பவளக்கொடி வாசலில் நிற்பார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரை இப்படி நின்று வழியனுப்பியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாரநாளில் அவர் தொலைபேசியில் சொல்லும் விஷயங்களும் கூடின. சட்னி அரைத்தது, பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.

ஈஸ்டருக்குப் பிறகு ஓட்டெடுப்பு. இல்லத்தின் முன்னறையில் கூடினார்கள், மலேசியாவிலிருந்தும் சிலர் திரையில் சேர்ந்துகொண்டார்கள். புவனேசன் விதி மாறக்கூடாது என்பதற்கு நிதானமாகக் காரணங்கள் சொன்னார். ஆண்பிள்ளைகளாக ஒன்றாக இருந்ததுதான் தங்களைப் பிணைத்தது, அது போய்விடும் என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

பவளக்கொடி எழுந்தார். "நான் இந்தத் தவணை இங்க இருந்தேன். ராத்திரி பொயிலர் சத்தம், காலையில பாத்ரூம் சண்டை, யாருக்காவது காய்ச்சல்னா கஞ்சி. நீங்க எப்பவும் சொல்வீங்களே, அதெல்லாம் எனக்கும் கிடைச்சுது. அதுக்கு ஆம்பளையா இருக்க வேண்டியதில்ல. இங்க தங்கினாப் போதும்." அவ்வளவுதான் பேசினார்.

விதி மாறியது. பெரும்பான்மை அவர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்.

செப்டம்பரில் அன்பரசியும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். மெத்தைகளை ஏற்ற ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முதலில் வந்து நின்றவர் புவனேசன். இரண்டாம் தளத்துக்கு ஒரு மெத்தையைத் தள்ளிக்கொண்டுபோய், மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பவளக்கொடி தேநீர் கொண்டுவந்தார்.

"நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன், தெரியும்ல?"

"தெரியும் அண்ணே. சீனி போட்டிருக்கேன், பரவாயில்லையா?"

"பரவால்ல லா." ஒரு வாய் குடித்தார். மேலேயிருந்து பெண்கள் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று சத்தமாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "நாங்களும் அந்த ரூம்ல இதே சண்டைதான் போட்டோம். கட்டில் ஜன்னல் பக்கம் போட்டா மழை அடிக்கும்னு அதுங்ககிட்ட சொல்லு."

"நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பவளக்கொடி அந்த மாதக் கடைசியில் பொறுப்பைப் பவித்திரனிடம் ஒப்படைத்துவிட்டு வெஸ்ட் ஈலிங் திரும்பினார். இப்போது அவர் நிர்வாகக் குழுவின் செயலாளர். செல்லப்பன் அவருக்கென்று வீட்டின் பின்னறையைக் காலிசெய்து, மேசை போட்டு, கதவுக்குப் புதுப் பூட்டும் வாங்கி வைத்திருந்தார். உள்ளே போகும்முன் அவர் கதவைத் தட்டுகிறார். சில நாள் பவளக்கொடி, "வேலையா இருக்கேன், அப்புறம் வாங்க," என்கிறார். அவர் போய் இருவருக்கும் கோப்பி கலக்குகிறார்.