லுபோவாவின் வலது கண்

மபாம்பா சதுப்புக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் செருப்பு மூக்கு நாரையைக் காட்டுவதுதான் லுபோவாவின் பிழைப்பு. மனைவி நந்தோங்கோ பின்னால் நின்று கழி ஊன்றுவாள். இவன் முன்னால் நின்று பைனாகுலரில் நாரையைத் தேடுவான். களைத்தால் இடம் மாறுவார்கள். சண்டை அங்கேதான். அவள் பார்த்துவிட்டுக் கொடுத்தால் அவனுக்கு எல்லாம் புகைமூட்டம். அவன் கொடுத்தால் அவளுக்கு. பைனாகுலர் ஒரு முகத்துக்குப் பழகிவிட்டால் இன்னொரு முகத்தைக் கண்டு கோபித்துக்கொள்ளும் என்று முடிவுகட்டி, லுபோவா அதை வாழைக்காய்க் கூடையில் ஒளித்துவைத்தான்.

அவள் ஊர்த் தலைவரிடம் முறையிட்டாள். படகுத்துறையில் விசாரணை. தலைவர் பைனாகுலரைத் திருகிப் பார்த்து, எதிர்க்கரைப் பசு பளிச்சென்று தெரிவதாகச் சொல்லி மீன்காரியிடம் கொடுத்தார். அவளுக்குப் பசு வெறும் கறை. அவளும் திருகினாள், அடுத்தவருக்குக் கறை. ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவரைப் பொய்யர் என்றார்கள். இத்தனை பேர் பார்த்தால் பால் வற்றிவிடும் என்று பசுவின் சொந்தக்காரர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பார்க்கப் பசு இல்லாததால் கூட்டம் கலைந்தது. நந்தோங்கோ மட்டும் உட்கார்ந்து ஒரு மரத்தைப் பார்த்தாள். வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தைத் திருகினாள்; மரம் தெளிந்தது. பிறகு இடது கண்ணை மூடி, வலது குழாயின் வளையத்தை மட்டும் திருகினாள். சக்கரம் தூரத்துக்கு, வளையம் இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு என்று அவளுக்குப் புரிந்தது. வளையம் நின்ற இடத்தில் நகச்சாயத்தால் புள்ளி வைத்தாள். லுபோவாவையும் அப்படியே பார்க்கச் செய்தாள். அவன் புள்ளி வளையத்தின் கோடியில் போய் விழுந்தது.

"உங்க வலது கண்ணு சரியில்லைங்க," என்றாள்.

"என் கண்ணுக்கென்ன? ஊர்க்காரன் கண்ணெல்லாம்தான் கோணல்."

ஆனாலும் அவள் விடவில்லை. கண் முகாமுக்கு இழுத்துப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தாள். மறுநாள் கண்ணாடியோடு பார்த்தால், அவன் புள்ளியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்க்காதபோது மெல்லத் திருகினான். தெளிந்த இடத்தில் அவள் புள்ளி நின்றது.

லுபோவா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வளையத்தைப் பழைய கோடிக்கே தள்ளினான்.

"எதுக்குக் கழட்டுறீங்க?"

"கண்ணாடியைக் கண்டா இதுக்குக் கோபம் வருது."

அன்றிலிருந்து அப்படித்தான். கழி ஊன்றக் கண்ணாடி, பைனாகுலர் பார்க்க வெறுங்கண். நாரைக்கு அது மரியாதை போலும் என்று வந்தவர்களும் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அப்படிக் கழற்றிய ஒருவர் வெகுநேரம் ஒரு மரக்கட்டையைப் பார்த்து மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தார். நாரை அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.