நல்லா கவனிக்கிறார்

பேட்டியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அதற்கு முன் ஆறு வருடம் அவளும் என்னோடு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள். ஒரு முனை அவள், மறுமுனை நான். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வந்து, இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி அவர்களே ஆராய்ச்சி செய்யட்டும் என்றது. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று இவளைப் பிடித்தார்கள். கையில் பேட்டி எடுக்க ஒரு போன், கழுத்தில் 'சமூக ஆய்வாளர்' என்று ஓர் அட்டை. குளிக்கப் போகும்போது மட்டும்தான் அதைக் கழற்றினாள்.

முக்கியமான கேள்வி ஒன்றுதான்: சூப்பர்வைசர் உங்களை எப்படி நடத்துகிறார்? பாதிப் பேருக்கு மேல் குறை சொன்னால் அவனை எங்கள் தளத்திலிருந்து மாற்றுவதாக முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். அவனும் நம் ஆள்தான், நம் பாஷைதான். ஈரத் துண்டை முறுக்கி முதுகில் விளாசுவான். சட்டை போட்டால் வெளியே தெரியாது.

பேட்டியக்காவின் நாத்தனார் இஸ்திரி இயந்திரத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் அவளுக்குத்தான் அடி அதிகம். வாயே திறக்கமாட்டேன் என்றவளை அண்ணிக்காரி ஒரு வாரம் விடாமல் கரைத்தாள்.

"உன் பேர் வெளிய வராது. நான் இருக்கேன்ல."

"உங்களை நம்பித்தான் அண்ணி பேசறேன்."

பதினாலு பேர் பேசினோம். ஆனால் 'அடிக்கிறார்' என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கட்டின புருஷனிடமே சொல்லாததைப் போனிடம் எப்படிச் சொல்வது? "அவரா? நல்லா கவனிக்கிறார்" என்றோம். "வாரம் தவறாம கவனிப்பு உண்டு" என்றாள் நாத்தனார். கேட்டவளுக்கும் புரிந்தது, சொன்னவர்களுக்கும் புரிந்தது. என் பேட்டியின் நடுவே நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வெட்கங்கெட்ட சிரிப்பு.

பேச்சை எழுத்தாக்கி, வகை பிரித்து, எண்ணிச் சொல்ல ஓர் ஏஐ கருவி இருந்தது. அது எழுதியதைப் படித்துப் பார்த்து 'சரி' என்ற பொத்தானை அழுத்துவது ஆய்வாளரின் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

"பாரேன், அப்படியே நாம பேசினதையே எழுதியிருக்கு" என்று பூரித்துப்போனாள்.

எங்கள் காதில் எங்கள் குரல் இருந்தது. எழுத்திலும் அது இருக்கிறதென்று நினைத்துவிட்டோம். பதினாலு முறை அழுத்தினாள்.

அறிக்கை வந்த அன்று எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்துத் திரையில் காட்டினார்கள். பதினாலு பேரில் பன்னிரண்டு பேருக்குச் சூப்பர்வைசரின் கவனிப்பில் முழுத் திருப்தி. முதலாளி கைதட்டினார்.

பேட்டியக்கா தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினாள். அந்தப் பெண் நம்மவர்களுக்குப் பிறந்து இந்த நாட்டிலேயே வளர்ந்தவள்.

"அது அந்த அர்த்தத்துல சொன்னது இல்லம்மா. கவனிக்கிறார்னா அடிக்கிறார்னு அர்த்தம்."

"அப்படி எங்கயும் இல்லையே அக்கா. நீங்கதானே சரின்னு போட்டிருக்கீங்க? அறிக்கை அனுப்பியாச்சு."

பேட்டியக்கா மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் படித்தேன் என்பது ஞாபகம் வரும்போது, திட்ட எடுத்த வாயை மூடிக்கொள்கிறேன்.

அந்த அறிக்கையைச் சரியாகப் படித்தவன் சூப்பர்வைசர் ஒருவன்தான். மறுநாள் காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்திரி வரிசைக்கு வந்தான். பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. நாங்கள் சொன்ன வார்த்தைகள் மட்டும் மேற்கோள் குறிக்குள் இருந்தன.

"நல்லா கவனிக்கிறேன்னு பன்னெண்டு பேர் சொல்லியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றான், சிரிக்காமல். "வாரம் தவறாமன்னு சொன்னது யாரு?"

நாத்தனார் மட்டும் தலையைக் குனிந்தாள். அவனுக்கு அது போதும்.

"இனி தினமும்னு வெச்சுக்கலாம்."

சாயங்காலம் உடை மாற்றும் அறையில் நாத்தனாரால் கையைத் தூக்க முடியவில்லை. பேட்டியக்கா பின்னால் போய்ச் சட்டையை மெல்ல விலக்கப் பார்த்தாள்.

"காட்டுடி. மருந்தாவது போடறேன்."

நாத்தனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லா கவனிச்சார். சரின்னு போட்டுக்கங்க."