என் மகள் போகாத பள்ளிக்கூடம்

எனக்குக் கோவம் ஜாஸ்தி. உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அப்பேர்ப்பட்ட நான் ஒருத்தி முன்னால மட்டும் வாயடைச்சு நின்னேன். எழுதினாலாச்சும் அது ஆறுதான்னு பாக்கறேன்.

சிதம்பரத்துக்கு வெளியில, பைபாஸை ஒட்டின ஊரு எங்களது. ஊர்த்தெரு தனி, எங்க காலனி தனி. நடுவுல அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடம். நான் படிச்சப்ப ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் அங்கதான் உக்காந்தோம். அப்புறம் ஊர்த்தெருவுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்ச வேன் வர ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையா ஏறிப்போயி, கடைசியில மிச்சம் இருந்தது பூரா எங்க பிள்ளைங்கதான். காலனிப் பள்ளிக்கூடம்னே பேரு ஆயிடுச்சு. இன்னும் குறைஞ்சா பைபாஸுக்கு அந்தாண்ட இருக்கற பள்ளியோட சேர்த்துடுவாங்கன்னு ஹெச்.எம். டீச்சர் சொன்னாங்க. ஆறு வயசுப் பிள்ளை அந்த ரோட்டைத் தாண்டுமா?

அப்பதான் நான் சொன்ன அந்த ஒருத்தி, தலைவியா நிக்க பெத்தவங்க யாரும் முன்வராததால, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியா வந்தா. ஊர்த்தெருப் பொண்ணு, டிகிரி முடிச்சவ. புருஷன் கடலூர்ல கெமிக்கல் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. அங்க படிச்சவங்கற முறையில நானும் குழுவுல ஒரு உறுப்பினர். தெற்கு வீதியில துணிக்கடையில சேல்ஸ் வேலை பாக்கறவ. மொத நாளே என்னை அக்கான்னு கூப்பிட்டா. பத்து வயசு சின்னதுங்ககூட எங்களைப் பேரு சொல்லிக் கூப்பிடற தெரு அது. அங்கேர்ந்து ஒருத்தி அக்கான்னா யாருக்குத்தான் மனசு இளகாது? நான் இளகிட்டேன்.

ஆண்டு விழாவுக்குக் கல்விச் சீர் எடுக்கலாம்னு சொன்னதும் அவதான். தாய்மாமன் சீர் கொண்டாற மாதிரி ஊரே தட்டு தூக்கிக்கிட்டு, மேளத்தோட பள்ளிக்கூடத்துக்குப் பொருள் கொண்டு போறது. சுத்துப்பட்டுல பல ஊர்ல செய்யறாங்க. ஆனா எங்க காலனித் தட்டு எதுவும் அதுவரைக்கும் ஊர்த்தெரு வழியா மேளத்தோட போனது கிடையாது. அவ வீடு வீடா ஏறிப் பேசி சம்மதிக்க வச்சா. நாற்காலி, ஃபேன், எவர்சில்வர் தட்டு, தண்ணிக் குடம்னு வரிசை நீண்டுபோச்சு. என் கையில ஒரு பூகோள உருண்டையைக் குடுத்து முன்னால நடக்கச் சொன்னா. மாரியம்மன் கோயில்கிட்ட ரெண்டு பெருசுங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் இன்னும் நிமிந்து நடந்தேன். சந்தோஷமா இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மே மாசம், பக்கத்துல இருக்கற இங்கிலீஷ் மீடியம் பள்ளியில இலவச சீட்டுக்குக் குலுக்கல். இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் ஒதுக்கறது. எல்லாரும் போடறாங்களேன்னு ஒண்ணாம் வகுப்புக்கு என் மகளுக்கும் மனு போட்டிருந்தேன். கண்ணாடிக் குடுவையிலேர்ந்து பிள்ளை பேரு வந்துருச்சு. போர்டுல ஒட்டின பட்டியலை செல்லுல போட்டோ எடுத்து, கடலூர் முதுநகர் ஹார்பர்ல ஐஸ் லோடு ஏத்திக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். போன்லயே அழுதாரு மனுஷன்.

அன்னிக்கு சாயங்காலமே அவ எங்க வீட்டுக்கு வந்தா. டீ குடுத்தேன், குடிச்சா. எங்க தெருவுல அதுவே பெரிய சேதி. சீர் எடுத்த நானே பிள்ளையை வேன்ல ஏத்தினா காலனியில மத்தவங்க பிள்ளைங்களை நம்ம பள்ளிக்கூடத்துல விட்டுவைப்பாங்களான்னு கேட்டா. அவ மகளையும் இங்கதான் சேர்க்கப் போறாளாம், ரெண்டு பிள்ளைங்களும் ஒரே பெஞ்சுல உக்காரட்டுமாம். எங்க வீட்டுக்காரரு ஆனமட்டும் சீட்டை விட வேணாம்னாரு. நாம சுயநலமா இருக்கக்கூடாதுன்னு நான் அவருக்கே பாடம் எடுத்தேன். சீட்டு வேணாம்னு லெட்டரை அவளே அழகா எழுதினா. நான் கையெழுத்து போட்டேன். அவ ஸ்கூட்டியிலேயே போயி குடுத்துட்டு வந்தோம்.

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு மகளுக்கு ரெட்டைச் சடை பின்னிக் கூட்டிட்டுப் போனேன். ஊர்த்தெரு முனையில மஞ்ச வேன் நின்னுச்சு. டை கட்டி, ஷூ போட்டுக்கிட்டு அவ மக ஏறுது. அவ என்னைப் பாத்தா. பாத்துட்டு, பிள்ளையோட தண்ணி பாட்டிலை சரிபண்றவ மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

பணம் கட்டிச் சேர்த்துட்டா போலன்னுதான் மொதல்ல நெனச்சேன். அதுக்கே வயிறு எரிஞ்சுது. ஆனா அவ புருஷனுக்கு அவ்வளவு சம்பளம் கிடையாதேன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் கடையில சோத்தை அப்படியே வச்சுட்டு அந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். மேல, சீட்டு கிடைச்ச பேருங்க. கீழ, காத்திருக்கறவங்க பட்டியல். அதுல மொத பேரு அவ மகளோடது. யாராவது ஒருத்தர் வேணாம்னு எழுதிக் குடுத்தா அந்தப் பிள்ளைக்குத்தான். குலுக்கல் அன்னிக்கு என் பிள்ளை பேரைப் பாத்த கண்ணு அதுக்குக் கீழ இறங்கவே இல்லை. கூட இருந்தே குழி பறிச்சிருக்கா. பறிச்ச குழியில நானே போயி கையெழுத்து போட்டுட்டுப் படுத்திருக்கேன்.

கடையில சொல்லிட்டு நேரா அவ வீட்டுக்குப் போனேன். உள்ள கூப்பிடல, வாசல்லயே நிறுத்திப் பேசினா. போட்டோவைக் காட்டினதும் இல்லைன்னு மழுப்பவும் இல்லை.

"உங்களுக்கு எல்லாத்துலயும் கோட்டா இருக்குக்கா. எப்படியும் மேல வந்துடுவீங்க. எங்களுக்கு இதை விட்டா என்ன இருக்கு?"

கோட்டாவாம். குடுவைக்குள்ள அவ மக பேரும் என் மக பேரும் ஒண்ணாத்தானே கெடந்துச்சு. அதைச் சொல்லியிருக்கணும். பேச்சு வரல. கெட்ட வார்த்தைகூட வரல. இன்னிவரைக்கும் குழம்பு கிளறும்போது, பஸ்ல நிக்கும்போது, அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பள்ளிக்கூடம் அந்த வருஷம் எப்படியோ தப்பிச்சுது. அவ விலகிட்டா, என்னைத் தலைவி ஆக்கினாங்க. அடுத்த மே மாசம் டீச்சரும் நானும் காலனியில வீடு வீடா பிள்ளை சேர்க்கப் போனோம். என் மகளும் கூட வந்துச்சு. ஒரு வீட்டுல, பையனுக்கு அதே இங்கிலீஷ் பள்ளியில குலுக்கல்ல சீட்டு வந்திருக்கு, ஆனா நீங்க சொல்றபடி செய்யறோம்னு பையனோட அம்மா என்கிட்ட சொன்னா. டீச்சர் என் முகத்தைப் பாத்தாங்க. ஒரு பிள்ளை குறைஞ்சாலும் என்ன ஆவும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

"நாளைக்கே போயி சேர்த்துடு. யாரு வந்து கேட்டாலும், நானே வந்து கேட்டாலும், எழுதி மட்டும் குடுத்துடாத"ன்னேன்.

டீச்சர் நோட்டை மூடிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாங்க. என் மக என் கையைப் பிடிச்சு இழுத்து, அப்ப என்னை மட்டும் ஏம்மா அங்க சேர்க்கலன்னு கேட்டுச்சு.