ரதிக்குக் கொடுத்த சேலை

கொழும்புக் கோட்டையில் காலை வண்டி ஏறியபோது என் கையில் ஒரு வெறும் பை இருந்தது. திரும்பி வரும்போது அதில் என் அம்மாவின் கூறைச் சேலை இருக்க வேண்டும். 1962 மாசியில் நான் அட்டனுக்குப் புறப்பட்டதற்கு வேறு காரணம் இல்லை. "ஒரு பழைய சேலைக்காக நூற்றெட்டு மைலா?" என்று கேட்டார் கணவர். அவருக்கென்ன, அவருடைய அம்மா வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்.

என் அம்மா எனக்கு எட்டு வயதிருக்கையில் காய்ச்சலில் போனவள். ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்போது நாங்கள் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். மாசி மாதத்துக் காமன் கூத்தில் அப்பாதான் ரதி வேடம் கட்டுவார்; அம்மாவின் கூறையைத்தான் உடுத்துவார். அவள் போனபின் கடை வேலை தேடி என்னோடு கொழும்புக்கு வந்தவர், சேலையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டார். "ரதிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாது" என்பார். போன ஐப்பசியில் அவரும் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தச் சேலை எனக்கு வேண்டும், வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அட்டனில் ஒரு பழம்பொருள் கழகம் அதை வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கடிதம் போட்டேன். தாராளமாக வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று செயலாளரிடமிருந்து பதில் வந்தது.

நாவலப்பிட்டியில் வண்டி வெகுநேரம் நின்றது. பத்துச் சதத்துக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வட்டவளை தாண்டியதும் குளிர் ஜன்னல் வழியே கழுத்தில் ஏறியது. எதிரில் பிள்ளையோடு இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க எறங்குறீங்க?"

"அட்டன்."

"அங்க யாரு இருக்காங்க?"

"அம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் திருத்த மனம் வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணியளவில் அட்டன். கழகம் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. கடைக்காரர் சிதம்பரம்தான் செயலாளர். மரப்படி ஏறியதும் ஒரே அறை. அதிகாலையில் ஆட்களை வேலைக்கு எழுப்ப அடித்த தப்புப் பறை, ஒரு கங்காணியின் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, கூத்தாடிகள் தோளில் கட்டும் மரப் புஜகீர்த்தி எல்லாம் துடைத்துத் துப்புரவாக இருந்தன. கண்ணாடி அலுமாரியில் 'ரதி சேலை' என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே சேலை இல்லை.

சிதம்பரம் தலையைச் சொறிந்தார். "வந்துங்கம்மா... நாங்க வருசம் பூரா வச்சுப் பாத்துக்குவோம். மாசி வந்தா தோட்டத்து ஆளுங்க எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அப்படித்தான் பேச்சு. இன்னைக்கு மூணாம் நாளு, காமன எழுப்புற நாளு. அத மறந்து ஒங்களுக்கு எழுதிட்டேன்."

"எனக்குக் கொடுப்பதாக அவர்களிடம் சொன்னீர்களா?"

"அதையும் சொல்லலீங்க."

நல்ல கழகம்! மணமேடைவரை வந்தபின் தாலியைத் தேடின கதைதான். ஆனாலும் மனிதர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். டிக்கோயா வரை பஸ். அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் நடை. ஏற ஏற எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் எந்த வளைவில் பீலிக் குழாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் விழும் என்று கால் மறக்கவில்லை.

மாரியம்மன் கோயில் முன்னே வெயில் சாய்ந்திருந்தது. சிவன் எரித்த மன்மதனை மூன்றாம் நாள் எழுப்புவார்கள். அதுவரை வெள்ளை கட்டி அழுத ரதிக்குச் சுமங்கலிகள் மறுபடி கூறை உடுத்துவார்கள். நான்கு பெண்கள் துப்பட்டியை மறைப்பாகப் பிடித்திருக்க, நடுவில் ரதி நின்றார்: தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் முத்தையா. மீசையை மழித்த இடம் பச்சையாகத் தெரிந்தது. அவருக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்த பாக்கியம், எங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செல்லம்மா மகளா நீயி?"

ஆமென்றேன். கண் சேலையிலேயே இருந்தது. சிவப்பு கறுத்திருந்தது. கிழிந்த இடமெல்லாம் விதவிதமான நூலில் தைத்திருந்தார்கள். சிதம்பரம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். 

முத்தையா என் பக்கம் திரும்பினார். "ஒங்க அம்மா சேலதானக்கா. எடுத்துக்கங்க. காமன் எந்திரிச்ச ஒடனே அவுத்துத் தாரேன். அடுத்த வருசத்துக்கு நாங்க வேற பாத்துக்கிறோம்."

யாராவது சண்டை பிடித்திருந்தால் நான் பிடிவாதமாக வாங்கியிருப்பேன். இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

பாக்கியம் முந்தியை இழுத்து இடுப்புக்குக் கொண்டுவந்தார். தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தா, நீ சொருகு."

"நானா?"

"சேல குடுத்த வீட்டுப் பொம்பளதான் முந்தி சொருகணும். அது மொற. ஒங்கம்மா போனதுல இருந்து இங்க யாரும் சொருகுனதில்ல. ஊக்குதான் குத்துறோம். ஒங்க வீட்டு மொறைய நாங்க எப்படி எடுக்கிறது?"

இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டுக்கென்று ஒரு இடத்தை வெறுமையாக வைத்துக் காத்திருக்கிறார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் நான் தேடி வந்தது இதைத்தானோ? முந்தியை வாங்கி முத்தையாவின் இடுப்பில் சொருகினேன். சொருகியதும் என் கை தானாக அவர் இடுப்பில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியது, போ என்பதுபோல.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். "அவளேதான்! ஒங்கப்பனுக்கு இப்படித்தான் சொருகிட்டுத் தட்டி அனுப்புவா."

எனக்கு அது நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. என் கைக்கு இருந்திருக்கிறது. கோயில் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். அதற்குள் மன்மதன் எழுந்துவிட்டான். தப்புச் சத்தத்தில் என் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

சேலையைக் கேட்கவில்லை. அன்றிரவு பாக்கியத்தின் காம்பராவில் தங்கிவிட்டு, காலையில் புறப்படும்போது அந்த ஊக்கைத் தரச் சொன்னேன். அதை அலுமாரியில் வைக்கலாமே என்று சிதம்பரம் ஆசைப்பட்டார். "போங்க ஐயா" என்றேன்.

"ஊக்க நீ கொண்டு போயிட்டா, அடுத்த மாசிக்கு நாங்க என்னத்தக் குத்துறது?" என்றார் பாக்கியம், கொடுத்துக்கொண்டே.

வண்டி இறங்க இறங்கக் குளிர் விட்டது, கொழும்பில் புழுக்கம். கொட்டாஞ்சேனை வீட்டில் என் அலுமாரி நிறையச் சேலைகள் உண்டு. ஒன்றுகூட அம்மா உடுத்தியது அல்ல. கணவர் வெறும் பையை உதறிப் பார்த்தார்.

"சேலை எங்கே?"

"உடுத்தியிருக்காங்க" என்றேன்.