பூசைக்கு வந்த ஆட்டு நரம்பு

மொன்றியலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தை வாசிக்கப் பழகிய ஒரே தமிழ்ப்பிள்ளை நான்தான். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. வீணைக்கு, விரல் அழுத்துகிற மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். லூட்டுக்குக் கழுத்தைச் சுற்றி நரம்பால் கட்டவேண்டும். பள்ளிக்கூடம் தந்த லூட்டில் பழைய கட்டுகள் தளர்ந்து கிடந்தன. மறுநாள் கச்சேரி. நைலோனா, ஆட்டுக்குடலில் திரித்த நரம்பா, நீயே தெரிவுசெய் என்று சங்கீத ரீச்சர் இரண்டிலும் ஒவ்வொன்று கட்டிக் காட்டினார். நைலோன் வழுக்கியது. ஆட்டு நரம்போ கழுத்தைக் கவ்விப் பிடித்தது. தந்தியைத் தட்டினால் கணீரென்றது. அப்பாடா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! மேலே தடிப்பு, கீழே போகப்போக மெல்லிசு என்று அவர் சொல்லித் தந்த நரம்புச் சுருளையும் லூட்டையும் வாங்கிக்கொண்டு, மெற்றோவில் இருப்புக்கொள்ளாமல் வந்தேன்.

வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது, அன்றைக்குச் சரஸ்வதி பூசை.

நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டுக்குள் முட்டைகூட வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். மற்ற நாளில் குடல்கறி என்றால் இரண்டாந்தரமும் சோறு கேட்கிற மனிதர்தான். விரதம் வந்தால் அவரைப்போல ஒரு சைவரைக் காணமுடியாது. தெரிந்தால் கட்டியதையெல்லாம் அறுத்தெறியச் சொல்வார். நாளைக்கு மேடையில் நான் எதை வாசிப்பது?

துறைமுகத்தில் லொறி ஓட்டிய சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எனக்குமேல் அவர் உற்சாகமாகிவிட்டார். "நீ வாயைத் திறவாதை, நான் இறுக்கிக் கட்டுறன்" என்றார். கட்டியும் முடித்தார். முடிச்சு அவிழாமலிருக்க நுனியை நெருப்பால் பொசுக்கவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். சித்தப்பா லைற்றரைத் தட்டினார். இறைச்சி கருகிய மணம் வீடு முழுக்கப் பரவியது.

அடுப்பில் கடலையை விட்டுவிட்டு அம்மா வந்தார். என்ன மணம் என்று கேட்டார். "பக்கத்து வீட்டிலை பார்பிக்யூ போடுகினம், அண்ணி" என்றார் சித்தப்பா, கண்ணும் வெட்டாமல். அம்மா யன்னலைப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு லூட்டைப் பார்த்தார். "ஓம், இருக்கும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் அம்மா கதிரையில் ஏறிப் புகை அலாரத்தைக் கழற்றி வைத்தார். லூட்டைச் சரஸ்வதி படத்தின் முன்னால் சாத்தினார். சாம்பிராணியை அள்ளிப் போட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் நேரே புகைத் தட்டைப் பிடித்தார். வேலையால் வந்த அப்பா இருமிக்கொண்டே கேட்டார், ஏன் இவ்வளவு புகை என்று.

"பிள்ளையின்ரை வாத்தியம் முதன்முதலாப் பூசைக்கு வருது. வடிவாக் காட்ட வேண்டாமே?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தானே ஒரு பூவை எடுத்து லூட்டின் கழுத்தில், ஆட்டு நரம்பின் மேலேயே செருகினார். நானும் சித்தப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள் மேடையில் ஒரு கட்டும் அசையவில்லை. ஐயோ, அந்தக் கைதட்டல்! சித்தப்பாவின் பார்பிக்யூப் பொய்தான் என்னைக் காப்பாற்றியது என்று கனகாலம் நம்பினேன். அலாரம் கத்தும் என்று ஓர் ஊதுபத்திக்குமேல் கொளுத்த விடாத அம்மா, அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிப் புகை போட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.