ஏழு ரிவோல்வர்களும் ஏழு தேசிக்காய்களும்

அவர் என்னைச் சுட்டுவிடுவார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இன்று இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் கைகாலைக் கொஞ்சம் கூடுதலாக ஆட்டி நடித்துக் காட்டிச் சிரிக்கவைக்கிறேன். ஆனால் எழுபதுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், வோபர்ன் பகுதியில் அந்த வீட்டின் நிலவறையில் குடியிருக்க இடம் கேட்டுப் போன மாலையில் அது சிரிப்பாக இருக்கவில்லை. மற்றவர்கள் வீட்டில் கலியாணப் படமும் குத்துவிளக்கும் இருக்கிற இடத்தில் அங்கே ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. உள்ளே பச்சைக் கம்பளித் துணியின் மேல், ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு ரிவோல்வர்கள். வீட்டுக்காரர்தான் எனக்கு வேலைத்தலத்திலும் மேலதிகாரி. ஒரே மனிதரிடம் வேலையும் வீடும் இருக்க, ஏழு ரிவோல்வர்களும் இருந்தால் என்ன செய்வது? குளியலறையை ஈரமாக விட்டால் சின்னது, கருவாடு பொரித்தால் பெரியது என்று நானே எனக்குத் தண்டனைகளை வகுத்துக்கொண்டேன். முதல் வாரம் முழுக்க மேலே அவர் நடக்கிற ஒவ்வோர் அடியையும் கீழே இருந்து எண்ணினேன். அடிகள் அலுமாரிப் பக்கம் நின்றால் வாயில் வைத்த சோறு அப்படியே நிற்கும்.

அவை ஒன்றில்கூட ஒருநாளும் குண்டு ஏறியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவை பழையவையும் அல்ல. நூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்கச் சண்டைகளில் குதிரைப்படையும் கடற்படையும் இடுப்பில் கட்டியிருந்த மாதிரிகளை அதே அளவில், அதே உருவில், இத்தாலியில் புதிதாகச் செய்து விற்றார்கள். அசல் எட்டாதவர்கள் இவற்றைச் சேர்த்தார்கள். ஆனால் அதை அவர் முன்னால் அப்படிச் சொல்லக்கூடாது. "பழைய புஸ்தகம் மறுபதிப்பு வந்தா படிக்க மாட்டியா நீ? அந்த மாதிரிதான்யா" என்பார். குழல்கள் காகத்தின் கழுத்துப் போன்ற நீலக்கறுப்பு. உடற்பகுதியில் தண்ணீரில் எண்ணெய் விழுந்ததுபோல நிறங்கள் ஓடும். ஒன்றில், குண்டுகள் நிரப்புகிற உருளையைச் சுற்றிலும் எறும்பளவுக் கப்பல்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். பருத்திக் கையுறை போடாமல் அவர் எதையும் தொட்டதில்லை. விசையை இழுத்துப் பார்த்ததுகூட இல்லை. உருளையை ஒருமுறை சுழற்றினாலும் அதைச் சுற்றித் தலைமயிர்போல ஒரு கோடு விழுந்துவிடும் என்றும், அந்தக் கோடு இல்லாதவரைதான் மறுபதிப்புக்கு மரியாதை என்றும் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். சுடுவதற்கென்று செய்த சாமானைச் சுழற்றாமலே வைத்திருப்பதுதான் அதன் பெருமை என்றால், நான் தலையாட்டாமல் வேறு என்ன செய்வேன்?

அவர் மதராஸ்காரர். நான் அவரைச் சேர் என்று அழைத்தேன், அவர்கள் ஊரில் சார். அவர் என்னைச் சிலோன் என்று அழைத்தார். கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் படம் வரைகிற அந்த அலுவலகத்தில் இருபது பேருக்கு அவர் தலைவர். பிழையான படத்தை அவர் திருப்பிக் கொடுக்க மாட்டார். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, "இதை வரைஞ்சது கையா காலா? கால்னா இடதா வலதா?" என்று ஆங்கிலத்தில் ஒருதரமும், எனக்காகத் தமிழில் ஒருதரமும் கேட்பார். படம் என்னுடையதாக இருந்தாலும் முதலில் சிரிக்கிறவன் நான்தான். காரணம் ஒரு கடிதம். ஆறு மாதத் தகுதிகாண் தவணை முடிந்ததும் என் வேலை நிரந்தரம் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான், ஊரில் எனக்கென்று பேசி முடித்துக் காத்திருந்த பெண்ணை நான் இங்கே அழைக்க விண்ணப்பிக்கலாம். நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோது தவணை முடிய ஒரு வாரம்கூட இல்லை. அதுவரைக்கும் என் பற்கள் அவருடைய உடைமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவருடைய கேலிக்கும் பகிடிக்கும் அகப்படுகிற ஒரே ஆள் அக்கா. சேருடைய மனைவியை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். மெல்லிய, சத்தமில்லாத மனுசி. கறி மிஞ்சினால் நிலவறைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அலுமாரியின் கண்ணாடியை வெளியே துடைக்க மட்டும் அவருக்கு அனுமதி. "அவ கை உப்புக் கை, சிலோன். தொட்டா இரும்பு துருப்பிடிச்சு அழும்" என்று அவர் முன்னாலேயே சேர் சொல்லுவார். சாப்பாட்டில் ஏதும் குறைந்தால் சட்டைப் பையைத் தட்டிக்காட்டி, "மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்துரவா? போறதுக்கு மட்டும். திரும்பி வர்றதுக்கு வேணாம்" என்பார். என் முறை வந்ததும் நான் சிரிப்பேன். அக்கா ரசத்தைக் கொண்டுவந்து ஊற்றுவார். அவர் முகத்தைப் பார்க்காமல் சிரிப்பதற்கு நான் வெகு சீக்கிரம் பழகியிருந்தேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். ஒருமுறை பெட்டி தூக்க என்னையும் கூட்டிப்போனார். மேசைகளில் அசல் ரிவோல்வர்கள் பிடி தேய்ந்து, முனை மழுங்கிக் கிடந்தன. அவற்றின் பின்னால் பாட்டனாரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் இருந்தார்கள். சேருக்கு மேசை இல்லை. கப்பல் ரிவோல்வரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருவரிடம் காட்டினார். அந்த மனிதர் பிள்ளையின் விளையாட்டுச் சாமானை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்து, நல்ல பளபளப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பழக்கதோசத்தில் நானும் சிரித்துவிட்டேன். திரும்பும்போது சேரே பெட்டியைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தார். கார் வோபர்னுக்குள் திரும்பியபோதுதான், "அவங்க தாத்தா சுட்டாரு. எங்க தாத்தா ரெவின்யூ ஆபீஸ்ல கிளார்க்கு. நான் எங்கய்யா போவேன்?" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் தோசை தடிப்பாக இருக்கிறது என்று தட்டைச் சுவரில் எறிந்தார்.

ஐப்பசியில் அவருக்கு ஒஷாவாவிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த கூட்டத்தில் மறுபதிப்புகளுக்கென்று சுவரோரம் ஒரு சின்ன மேசை தருகிறார்களாம். அன்று அவர் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. ஏழுக்கும் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. பிறகு வேலை விடயமாக இரண்டு நாள் வடக்கே சட்பெரி நகருக்குப் போனார். அவர் போன மறுநாள் ஆயுதபூசை.

நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா சாமிப் படத்துக்கு முன்னால் வெள்ளைத்துணி விரித்து, அதில் காய் வெட்டுகிற கத்தி, கத்தரிக்கோல், தையல் மெசின் மூன்றையும் வைத்திருந்தார். நான் என் வரைபலகைக் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தேன். அப்படியும் பூசை வெறிச்சென்று இருந்தது. அதோடு நான் நின்றிருக்கலாம். வாய் நிற்காது.

"அக்கா, ஆயுதபூசையில கத்தரிக்கோலோ? உங்கட வீட்டில ஆயுதத்துக்கு என்ன பஞ்சம்?"

"ஐயையோ, வேணாம் தம்பி. தொட்டோம்னா கொன்னுடுவாரு."

"நான் கையுறை போட்டுத்தான் தொடுவன். யோசிச்சுப் பாருங்கோ, ஆயுதபூசையில வைச்ச ரிவோல்வர் எண்டு ஒஷாவாவில எந்த வெள்ளைக்காரனிட்ட இருக்கு? சேர் வந்து பார்த்தா என்னைக் கட்டிப்பிடிப்பார்."

அக்கா சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். சாவி சேருடைய பனிக்காலக் கோட்டின் உள்பையில் இருக்கிறது என்று அவரே சொன்னார். நான் மிகப் பொறுப்பாகக் கையுறை போட்டு ஏழையும் இறக்கினேன். அக்கா மதராஸிலிருந்து கொண்டுவந்த கல்லில் சந்தனம் அரைத்துத் தந்தார். ஒவ்வொன்றின் குழலிலும் உருளையிலும் பிடியிலும் குளிரக் குளிரப் பொட்டு வைத்தேன். அதன்மேல் குங்குமம். ஏழு தேசிக்காய்களைப் பிளந்து, குங்குமம் தோய்த்து, ஒவ்வொரு ரிவோல்வரின் இரு பக்கமும் அணைத்து வைத்தேன். கற்பூரம் காட்டினோம். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக்கூடாது, துடைக்கக்கூடாது என்பது இரண்டு பேருடைய ஊரிலும் முறை. அந்த முறையை நாங்கள் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினோம்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குச் சுகவீனம் என்று சொல்ல வேண்டி வந்தது. சந்தனம் இருந்த இடத்தில் செம்மஞ்சள் வட்டங்கள். அது குங்குமம் என்று நினைத்து முதலில் துணியால் துடைத்தேன். போகவில்லை. துருவுக்கும் குங்குமத்துக்கும் ஒரே நிறம் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. தேசிப்புளி ஊறிய பக்கத்தில் நீலக்கறுப்பு கழன்று தகரம் வெளுத்ததுபோல் இருந்தது. சூடாக்கிக்குப் பக்கத்தில் கிடந்து பொட்டும் புளியும் உடனே காய்ந்துவிட்ட இரண்டு மட்டும் தப்பியிருந்தன. புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். நான் சமையலறைக்குப் போய்ச் சட்டி தேய்க்கிற தூளையும் கம்பிச் சுருளையும் எடுத்துவந்து தேய்த்தேன். துரு போயிற்று. அதோடு நிறமும் போயிற்று. கப்பல்களும் ஏறக்குறையக் கரைக்குப் போயின. மறுபக்கம் தேய்ப்பதற்காக உருளைகளைச் சுழற்றினேன். ஐந்திலும் சுற்றிவர ஒவ்வொரு கோடு விழுந்தது. கடைசியில் என் மூளையின் உச்சம்: நான் படம் வரைகிறவன், என்னிடம் அழியாத கறுப்பு மை இருக்கிறது! தூரிகையால் ஐந்தையும் கறுப்படித்தேன். மை இரும்பில் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டோடி, என் பத்து விரல்களில் மட்டும் உறுதியாகப் பிடித்தது.

"தம்பி, உங்க லெட்டர் என்னைக்கு?" என்று அக்கா கேட்டார்.

"திங்கக்கிழமை, அக்கா."

அவர் குனிந்தார். நிலத்தில் சொட்டியிருந்த மையைத் துடைத்தார். பிறகு ஏழையும் அலுமாரியில் திருப்பி வைத்தோம்.

பின்னேரம் சேர் வந்தார். அலுமாரிக்கு முன்னால் பெட்டியை வைத்துவிட்டு நின்றார். நான் கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைகளில் விட்டபடி, எந்த ரிவோல்வர் வேலை செய்யும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். குண்டே இல்லாத வீட்டில், ஐந்து மை வடிகிற துப்பாக்கிகளுக்குப் பயந்து, பையிலிருந்த சில்லறையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். அவர் கையுறையை மறந்து வெறுங்கையால் கப்பல் ரிவோல்வரை எடுத்தார். உருளையைத் தடவிப் பார்த்தார்.

"யார் பண்ணது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது என்பதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

"நான்தான்" என்றார் அக்கா. "பூஜைக்கு வெச்சேன். அப்புறம் தேய்ச்சேன்."

சேர் என் பக்கம் திரும்பினார். "கைய வெளியில எடு, சிலோன்."

எடுத்தேன். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் பிழை தேடுகிறபோது பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "அதான் சொன்னேனே, உப்புக் கைன்னு" என்றார். "நீ கீழ போ, சிலோன்."

நான் கீழே போனேன். மேலே அவருடைய குரல் மட்டும் வெகுநேரம் ஒரே சீராகக் கேட்டது. இடையில் ஒருதரம் ஏதோ விழுந்த சத்தம். படிக்கட்டில் மூன்று படி ஏறினேன். திரும்ப மூன்று படி இறங்கினேன். அப்போதும் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்ட கடிதம் மேசையில் கிடந்தது. நான் கையை நீட்டினேன். "கழுவிட்டு வந்து எடுத்துக்க. லெட்டர் அழுக்காயிடும்" என்றார். நான் போய்ச் சவர்க்காரம் போட்டு நகத்தடி வரை கழுவினேன். திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன். "தாங்க்யூ சேர்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தப்பிய இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனார். அக்காவை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும்படி என்னிடம் சொல்லியிருந்தார். அலுவலக நண்பன் ஒருவனின் காரை இரவல் வாங்கினேன். ஒரு பெட்டி. சந்தனக்கல்லைக் கைப்பையில் வைத்திருந்தார். நெடுஞ்சாலை முழுக்க நான் பேசவில்லை. என்னால் பேசாமல் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

உள்ளே போகிற வாசலில் திரும்பி, "லெட்டர் கெடச்சுதா தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"நல்லது. பொண்ண சீக்கிரம் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

அவரிடம் இருந்தது போவதற்கு மட்டும் எடுத்த ரிக்கெற். என் மனைவி அடுத்த வைகாசியில் அதே விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அக்கா திரும்பி வரவில்லை.