மயில்சாமியின் பதினோராம் பக்கம்

மயில்சாமியிடம் எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார், கல்யாணப் பத்திரிகையைக்கூட. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு சாப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் வேலையில் தப்பு கண்டுபிடிக்கவே இருபது வருடமாகச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையானால் அமெரிக்காவின் ஆரம்பகால செனட் குறிப்புகளைப் படிக்க உட்கார்ந்துவிடுவார். அந்தக் காலத்து ஜனாதிபதி யாரைத் தூதராக்கினார், செனட்டில் யார் சம்மதித்தார் என்பதெல்லாம் இவருக்கு எதற்கு? எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் பார்சிப்பனி தமிழ்ச் சங்கத்துக்கு விதிமுறை எழுதியவர் அவர்தான். பதினாறு பக்கம். நாங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். இரண்டு தடவைக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது என்ற விதியில் அவர் உயிரையே வைத்திருந்தார். தலைவர் சுவாமிநாதன் அதைத்தான் தூக்கப் பார்த்தார். செயற்குழுவில் பத்து பேர். தீர்மானத்துக்கு ஏழு ஓட்டு வேண்டும், அவரிடம் ஆறுதான் இருந்தது. எதிர்ப்பில் மயில்சாமி, அகிலன், அனந்தலக்ஷ்மி, நான்.

ஓட்டெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு சுவாமிநாதன் மயில்சாமிக்கு ஒரு பதவியை நீட்டினார்: டெக்சாஸில் உள்ள தமிழ்ப் பேரவைக்கு எங்கள் சங்கத் தூதர். வருடத்துக்கு மூன்று பயணம், மேடையில் நாற்காலி, பொன்னாடை. மனுஷன் பட்டென்று மறுத்துவிட்டார்.

லைப்ரரி பார்க்கிங்கில் அவரைப் பிடித்தேன். "தேடி வந்ததை ஏன் வேண்டாம்னீங்க?"

"தொல்லை பண்றவனுக்குத் தூதர் வேலை குடுத்துக் கப்பலேத்தி விடறது அந்தக் காலத்துலயே உண்டுங்க, செல்வராஜ். நம்ம பதினோராம் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க."

"டெஸ்டிங்கை ஆபீஸோட விடுங்க சார்!"

அவர் சிரிக்கவில்லை. "அகிலன் மேல எனக்கு டவுட்டுங்க. அனந்தலக்ஷ்மி மேடமும் ரெண்டு நாளா போன் எடுக்கலை."

"அப்ப நானு?"

"உங்களைப் போயா? சேச்சே."

மறுவாரம் அதே பதவி என்னைத் தேடி வந்தது. என் மகள் பிரீத்தி இருப்பது டெக்சாஸில். "அக்செப்ட் பண்ணுங்க செல்வராஜ், பேத்தியையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார் சுவாமிநாதன். நின்ற இடத்திலேயே சம்மதம் என்று மெயில் போட்டேன். மயில்சாமியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் இதையும் நோண்டுவார்.

சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனால் என் நாற்காலியில் சுவாமிநாதனின் மச்சான் பத்ரி. பதினோராம் பக்கத்தைச் சுவாமிநாதனே நிதானமாக வாசித்தார்: தலைவர் தரும் பதவியை ஏற்பவரின் செயற்குழு இடம் அன்றே காலியாகும், அதைத் தலைவர் நிரப்பலாம். பதவி கொடுத்து யாரும் ஓட்டு வாங்கிவிடக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்து மயில்சாமி எழுதிய விதி அது. தீர்மானம் ஏழுக்கு மூன்றில் நிறைவேறியது. அகிலனும் அனந்தலக்ஷ்மியும் கடைசிவரை அதற்குக் கை தூக்கவில்லை. நான் சுவரோரம் வெட்கங்கெட்டு நின்றேன்.

வெளியே வந்த மயில்சாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டனுங்க," என்றார் கார் சாவியைப் பார்த்துக்கொண்டே. "உங்களை மட்டும் விட்டுட்டனுங்க."